குஞ்சப்பனையில் நலம்

காரமடைப் பழைய இரும்புக் கடையில்
எடைக்குப் போகவிருந்ததை
பதினோராயிரத்துக்கு மடக்கி
டெம்போவில் ஏற்றி வந்தேன்.
எழுபத்தாறாம் வருட யெஸ்டி.
டேங்கில் ஒரு கையளவு பள்ளம்,
சீட்டுக்குள் எலி குட்டி போட்ட பஞ்சு.

அரவேனுவில் என் வாடகை வீட்டு வாசலில்
உதைத்தால் எழும். எழுந்ததும் இருமும்.
இரண்டு குழாயிலும் புகை கக்கி
ஹாலன் வீட்டுக் கேரட் பாத்தியை மறைக்கும்.
வேலிக்கு மேல் தலை நீட்டி
"கொசு செத்துப்போச்சு, டெக்னீசியனம்மா, போதும்" என்பார்.
இந்தக் குளிரில் கொசு ஏது.

அரசு மருத்துவமனையில் ரத்தம் பார்ப்பவள் நான்.
கண்ணாடிச் சில்லில் ஒரு துளியை இழுத்து
காய்ச்சலின் பெயர் சொல்பவள்.
பிளக்கைக் கழற்றினேன்.
கறுப்பு. ஈரம்.
அதிகம் குடிக்கிறது, சரி.
ஏன் குடிக்கிறது என்பதைப் பிளக் சொல்லாது.

ஒரு ஞாயிறு டேங்குக்குள் நட்டும் சரளையும் போட்டுக் குலுக்கினேன்,
துரு டிகாஷனாய் இறங்கியது.
அடுத்த ஞாயிறு மழை.
அதற்கடுத்து, அளக்கும் தகடு இல்லாமல்
பழைய பஸ் பாஸ் அட்டையைப் பாயிண்ட் இடுக்கில் விட்டு முடுக்கினேன்.
மிதவையைக் காதருகே ஆட்டினேன், ஓட்டையில்லை.
ஜெட்டைக் கம்பியால் குத்தக் கூடாது,
சிரிஞ்சால் காற்றடித்தேன்
(கணக்கில் வராத சிரிஞ்ச்).
எண்ணெய்க் கலவை லிட்டருக்கு நாற்பது மில்லி,
பைபெட் பிடித்த கை, சொட்டு பிசகாது.

இருமல் போகவில்லை.
"டிஸ்சார்ஜ் பண்ணிடு" என்றாள்
மாடியில் குடியிருக்கும் நர்ஸ் எப்சிபா.

விற்றவன் தலையிலேயே கட்டிவிட
ஹெல்மெட் மாட்டி மலையிறங்கினேன்.
முள்ளூர் தாண்டும்போது
இருமல் இடைவெளி விட்டது.
என் காது அடைத்துத் திறந்தது.
வளைவுக்கு வளைவு புகை மெலிந்து
குஞ்சப்பனைச் செக்போஸ்ட்டில்,
பாடியது என்று சொல்ல மாட்டேன்,
ஒரு வாக்கியத்தை நடுவில் விழுங்காமல்
முடித்தது.
பிளாஸ்டிக் இருக்கா என்றார் காவல்காரர்.
நான் சிரித்ததும்
பையைத் திறக்கச் சொன்னார்.

சமவெளிக்குத் துளையிட்ட ஜெட்!
அங்கே காற்று தயிர், மேலே நீர்மோர்.
அதே அளவு பெட்ரோலை ஊற்றினால்
மூச்சு முட்டாமல் என்ன செய்யும்?
மலைக்குக் குடிவந்த உடம்பில்
மூன்று வாரத்தில் ஹீமோகுளோபின் கொஞ்சம் ஏறும்.
இந்த இரும்புக்கு யார் சொல்வது?

அப்படியே திரும்பினேன்.
ஏற ஏற மறுபடி இருமியது.
இருமட்டும்.

கோவையிலிருந்து தபாலில் வந்தது,
தொண்ணூற்றிரண்டுக்குப் பதில் எண்பத்தெட்டு.
கண்ணுக்கு இரண்டும் ஒரே துளை.
ஊசியின் கிளிப்பையும் ஒரு காடி மேலே மாட்டினேன்.
பிளக் இப்போது வர்க்கி நிறம்.
ஹாலன் ஒரு கட்டு கேரட் கொடுத்தார்.

அத்தோடு முடிந்திருக்கலாம்.

கட்டபெட்டு ஏற்றத்தில், நன்றாகச் சூடேறிய பின்,
முனகல்கூட இல்லாமல் நின்றது.
இருபது நிமிடம் ஆறினால் எழும்,
சூடேறினால் மறுபடி சாகும்.
முதல் நோய் போட்ட கத்தலில்
இரண்டாவது எனக்குக் கேட்கவேயில்லை.

இன்றிரவு, தள்ளியும் ஓட்டியும் வந்த சூடு ஆறுமுன்
மூடியைக் கழற்றி, வாசல் விளக்கை அணைத்தோம்.
நைட்டிக்கு மேல் ஸ்வெட்டரோடு
எப்சிபா உதைக்கிறாள்,
"இதான் கடைசி" என்று ஏழாவது தடவை.
நான் மண்டியிட்டு
பாயிண்ட் வாய் திறக்கும் இடத்தையே பார்க்கிறேன்.
சின்னதாய், நீலமாய்த் துள்ளினால் நலம்.

மஞ்சள்.
கொழுத்த, சோம்பல் மஞ்சள்.

"கண்டென்சர்" என்கிறேன் இருட்டில்.
"நல்லதா, கெட்டதா?"
"பேர் தெரிஞ்சிடுச்சு."

வேலிக்கு அந்தப் பக்கம்
ஹாலன் வீட்டு விளக்கு எரிகிறது.